சமையல் மேடைக் கல்: விலை பேசும் முன் ஒரு துண்டு கேளுங்கள்

கடையில் நிமிர்த்தி வைத்திருக்கும் கல் எதுவானாலும் பளபளக்கும். அது பாலிஷ். கல்லின் குணம் அதில் தெரியாது. அதனால் நீங்கள் எடுக்கப்போகும் ஸ்லாப்பிலிருந்தே கையளவுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துப் பாருங்கள்.

பாலிஷ் போட்ட பக்கத்தில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டு, 10 நிமிடம் கழித்துத் துடையுங்கள். மங்கலான தடம் விழுந்தால் அது சுண்ணாம்புச் சத்துள்ள கல். மார்பிளும் கடப்பா கல்லும் இந்த வகைதான். அவற்றிலுள்ள கால்சியம் கார்பனேட்டைப் புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே அரிக்கும். புளிக்கரைசல் சிந்திய பாத்திரத்தை அப்படியே வைத்தால் வட்டத் தடம் நிச்சயம். அது கறை அல்ல, கல் அரிபட்ட இடம்; எவ்வளவு தேய்த்தாலும் போகாது, மறுபடி பாலிஷ் போட வேண்டும். சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) அடித்தாலும் இந்த அரிப்பு நிற்காது. கடப்பா கல்லை அலமாரித் தட்டுக்குப் போடுங்கள், அங்கே அது அருமையான கல்.

அடுத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர், 15 நிமிடம். துடைத்த பிறகும் அந்த இடம் கறுத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது. வெளிர் நிறக் கிரானைட்டுகளில்தான் இது அதிகம். மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்கிவிடும். அவற்றுக்குச் சீலர் கட்டாயம். வருடம் ஒருமுறை இதே தண்ணீர்ச் சோதனையைச் செய்து, கறுத்தால் மறுபடி அடியுங்கள்.

நல்ல கறுப்புக் கிரானைட் அவ்வளவாக உறிஞ்சாது. ஆனால் சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பதும் உண்டு. வெள்ளைத் துணியில் அசிட்டோன் (நகப்பூச்சை அழிக்கும் திரவம்) நனைத்துத் தேய்த்தால் சாயம் துணியில் ஒட்டும்.

பதிக்கும்போது கல் உடைவது பெரும்பாலும் சிங்க், அடுப்புக்கு வெட்டிய இடத்தில். 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. அந்தக் கனத்தை, வெட்டுக்கு முன்பக்கம் மிஞ்சும் ஒல்லிப் பட்டை தாங்காது. குறைந்தது 2 அங்குலமாவது விட்டு, அடியில் தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள். வெட்டின் மூலையைச் செங்கோணமாக அறுத்தால் விரிசல் அங்கிருந்தே கிளம்பும். மூலையில் முதலில் துளை போட்டு, அந்த வளைவு வரை அறுப்பதே சரி.

வேலை முடிந்ததும் சிமென்ட் கறைக்கு ஆசிட் ஊற்ற விடாதீர்கள். வெள்ளைக் கிரானைட்டில் உள்ள இரும்புச் சத்து ஆசிட் பட்டு, சில நாளில் துரு நிறத்தில் வெளியே வரும். மரச் சுரண்டி, தண்ணீர், மென்மையான சோப்பு போதும்.