மென்னீராக்கல் – சொல் விளக்கம்

"பெரிய தொட்டின்னா கேன் தண்ணியே ஃபுல்லா ஊத்திடுங்க சார், நல்ல தண்ணியா மாறிடும்." கடலூரில் ஒரு மீன் கடையில் காதில் விழுந்தது. கடைப்பேச்சை விட்டுவிடலாம். ஆனால் இதையே 'நன்னீராக்கல்' என்று அச்சுத் தமிழாக்கி, மீன் வளர்ப்புக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆர்.ஓ. தண்ணீர் (சவ்வு வழியே அழுத்தித் தள்ளி உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீர்; அந்தக் கடைக்காரர் சொன்ன கேன் தண்ணீர் அதுதான்) கலந்து தொட்டித் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியத்தைக் குறைப்பதற்குத் தமிழில் மென்னீராக்கல் என்று பெயர். நன்னீராக்கல் முற்றிலும் வேறு வேலை.

சொல்லின் பிறப்பு எளிது. மெல் + நீர் மென்னீர், வல் + நீர் வன்னீர்; நல் + நீர் நன்னீர் ஆன அதே புணர்ச்சிதான். ஆங்கிலத்தில் சாஃப்ட், ஹார்ட் என்பார்கள். கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் கரைந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிந்து நிற்கும், அது வன்னீர். 1841-இல் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்து மென்னீராக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய தாமஸ் கிளார்க், வன்மையை அளக்கப் பயன்படுத்தியதும் சோப்புக் கரைசலைத்தான். இன்று லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று கணக்கிடுகிறோம். மீன் வளர்ப்பவர்கள் கையில் இருக்கும் சோதனைக் குப்பி ஜெர்மன் டிகிரியில் காட்டும். ஒரு டிகிரி சுமார் 17.8 மி.கி. குடிநீருக்கான இந்தியத் தரம் 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை போகலாம் என்றும் சொல்கிறது.

நம் பாடநூல்கள் மென்னீர் என்று சரியாக எழுதிவிட்டு அதற்கு எதிர்ச்சொல்லாகக் 'கடின நீர்' என்று வைத்திருக்கின்றன. அது பழகிவிட்டது, புரிகிறது, சண்டை போட மாட்டேன். ஆனாலும் கடினம் என்றால் நம் பேச்சில் சிரமம் என்றுதான் பொருள். வல்லினம், மெல்லினம் என்று எழுத்தையும், வன்புலம், மென்புலம் என்று நிலத்தையும் பிரித்த மொழியில், தண்ணீரைப் பிரிக்க வன்னீர், மென்னீர் என்ற இணை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மெஷின் மொழிபெயர்ப்பில் வருகிற 'மிருதுவான நீர்' பற்றிப் பேசவே வேண்டாம், அது தொட்டுப் பார்க்கிற பஞ்சுக்குச் சொல்லும் சொல்.

சரி, நன்னீராக்கலுக்கு வருகிறேன். அதை ஆதரிப்பவர்களிடம் ஒரு நியாயம் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் கேட்பது இதுதான்: பிரெஞ்சில் 'ஓ தூஸ்' என்றால் கடல்நீர் அல்லாத தண்ணீரும் அதுவே, மென்னீரும் அதுவே, மென்னீராக்கும் கருவிக்கும் 'தூஸ்' என்ற அந்தச் சொல்லிலிருந்தே பெயர் வைத்திருக்கிறார்கள், நம் ஊரிலும் நல்ல தண்ணி என்றால் உப்பில்லாத தண்ணி, சோப்பு நுரைக்கிற தண்ணி, பருப்பு வேகிற தண்ணி எல்லாம் சேர்ந்துதானே, அப்புறம் ஏன் இரண்டு சொல்?

வாய்ப்பேச்சுக்கு அது போதும். மீன்தொட்டிக்குப் போதாது. நன்னீர் என்ற சொல்லுக்கு எதிரே நிற்பது கடல்நீர், உவர்நீர். சென்னையை அடுத்த நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே, அதற்குத்தான் நன்னீராக்கல் என்று ஏற்கெனவே பெயர். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி நன்னீர், அமேசானில் சேரும் ரியோ நீக்ரோ ஆறும் நன்னீர். முன்னதில் வன்மை அதிகம், அமில, கார அளவைக் காட்டும் பி.எச். 9-ஐ ஒட்டி, அதாவது காரப் பக்கம் இருக்கும்; பின்னது தேநீர் நிறத்தில் ஓடும், கால்சியமே ஏறக்குறைய இல்லாத, அமிலத்தன்மை கொண்ட தண்ணீர். அந்த ஏரியின் சிக்லிட்டையும் இந்த ஆற்றின் கார்டினல் டெட்ராவையும் ஒரே தொட்டியில் விட்டால் ஏதாவது ஒன்று வாடும். இரண்டும் 'நன்னீர் மீன்' என்றுதான் கடைப் பலகையில் எழுதியிருக்கும். நன்னீருக்குள்ளேயே வன்னீரும் உண்டு, மென்னீரும் உண்டு என்ற இடத்தில், உட்பிரிவுக்குப் போய் மொத்தத்தின் பெயரை வைத்தால் 'நன்னீர்த் தொட்டியை நன்னீராக்குவது' என்று எழுத வேண்டி வருகிறது. எழுதியும் இருக்கிறார்கள்.

இன்னொரு சாரார் 'சுத்திகரித்தல்' என்பார்கள். அதுவும் வேறு. அடுக்குமாடி வீடுகளில் மாடியில் வைக்கிற சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தைத் தருகிறது. ஹீட்டரில் வெள்ளைப் படிவு பிடிக்காது, சோப்பு நுரைக்கும், அதனால் அது மென்னீர்தான். ஆனால் கரைந்திருக்கும் உப்பின் மொத்தம் ஏறக்குறைய அப்படியே இருப்பதால் அது தூநீர், அதாவது உப்பு நீங்கிய தூய நீர், இல்லை. உப்பு குறைந்த தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ் மீனை வளர்க்கிறவருக்கு அந்தக் குழாய்த் தண்ணீர் உதவாது. ஆர்.ஓ. தண்ணீர்தான் தூநீர். தூநீர் என்பது பொருள், மென்னீராக்கல் என்பது அதை வைத்துச் செய்யும் வேலை.

இந்த வேறுபாடு தெரியாமல் போனால் என்ன ஆகும்? 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 680 லிட்டர். போர் தண்ணீரின் வன்மை லிட்டருக்கு 400 மி.கி. என்று வைப்போம். 'நல்ல தண்ணியாக்கு' என்ற யோசனையைக் காதில் வாங்கியவர் இருக்கிற தண்ணீரை இறக்கிவிட்டு முழுக்கக் கேன் தண்ணீரை நிரப்புவார். வன்மையும் அதோடு சேர்ந்த கார்பனேட்டும் ஒரே நாளில் சரிந்துவிடும். மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது, பி.எச். திடீரென்று இறங்கும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். 'மென்னீராக்கு' என்பதைக் காதில் வாங்கியவரோ 'எவ்வளவுக்கு?' என்று கேட்பார். அந்தக் கேள்விதான் வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 136 லிட்டர், 20 லிட்டர் கேனில் ஏழு. அதை மாற்றினால் 400 முதலில் 320 ஆகும், அடுத்து 256, பிறகு 205, 164, 131, ஆறாவது தடவை 105. வாரம் ஒரு முறை என்றால் ஒன்றரை மாத வேலை. அப்புறம் மாற்றுகிற தண்ணீரையும் போர் ஒரு பங்கு, ஆர்.ஓ. மூன்று பங்கு என்று கலந்துகொண்டால் வன்மை 100-ஐ ஒட்டியே நிற்கும். மே மாத வெயிலில் தொட்டித் தண்ணீர் ஆவியாகி இறங்கும்போது கால்சியம் உள்ளேயே தங்கிவிடும், கண்ணாடியில் வெள்ளைக் கோடு கோடாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அந்தக் குறைவை ஈடுகட்ட மட்டும் கலக்காத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்ற வேண்டும்.

தேவனாம்பட்டினம் கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை அழகுக்குத் தொட்டியில் போட்டுவிட்டு, எவ்வளவு ஆர்.ஓ. ஊற்றினாலும் தண்ணீர் மென்னீராகவில்லை என்பவர்களையும் பார்க்கிறேன். கிளிஞ்சல் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுக்கிறோம், அது கால்சியத்தைக் கரைத்துக்கொண்டேதான் இருக்கும்.

நம் ஊர்ப் பேச்சில் 'உப்புத் தண்ணி' என்ற சொல்லும் இதே குழப்பத்தைச் செய்கிறது. கடலை ஒட்டிய போரில் ஏறுவது சோடியம் குளோரைடு, சுண்ணாம்புப் பாறையைத் தொட்டு வரும் தண்ணீரில் ஏறுவது கால்சியம். கரைந்த உப்பின் மொத்தத்தை மட்டும் சொல்லும் டி.டி.எஸ். மீட்டர் இரண்டுக்கும் பெரிய எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணை வன்மை என்று எழுதுகிறவர்கள் ஒரு சோதனைக் குப்பி வாங்கிச் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

ஆர்.ஓ.வையே 'எதிர்மறை சவ்வூடுபரவல்' என்று எழுதுகிறவர்களும் இவர்கள்தான். எதிர்மறை என்றால் இல்லை என்று மறுப்பது. இங்கே எதையும் மறுக்கவில்லை, தண்ணீர் சவ்வின் வழியே தானாகப் போகும் திசைக்கு எதிர்த்திசையில் அழுத்தம் கொடுத்துத் தள்ளுகிறோம், அவ்வளவுதான். பாடநூலில் 'எதிர் சவ்வூடுபரவல்' என்று சரியாகவே இருக்கிறது. அதற்கு உருப்படியான சவ்வை 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படுகிற சொல்லை எடுக்காமல், பள்ளிப் பாடநூலைப் புரட்டினாலே பாதித் தவறு குறையும்.

என் பரிந்துரை இது: வேலைக்கு மென்னீராக்கல், மாடிக் கருவிக்கு மென்னீராக்கி, ஆர்.ஓ. தண்ணீருக்குத் தூநீர், ஆர்.ஓ. தண்ணீர் என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம். கப்பி, மோலி போன்ற ஓரளவு வன்னீர் தாங்கும் மீன்களுக்காக 400-ஐ 250-க்குக் கொண்டுவருகிறவர் செய்வது மென்னீராக்கல்கூட இல்லை, வன்மை குறைத்தல். அதை அப்படியே எழுதலாம்.