ரேஞ்சரின் அடியில் எக்ஸ்ப்ளோரரின் அச்சு

அமெரிக்காவில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் காயலான் கடைகளில் சிலரைப் பார்க்கலாம். வண்டியின் எஞ்சினையோ டயரையோ கவனிக்க மாட்டார்கள். நேராக ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டைக் குனிந்து படிப்பார்கள். அதில் பின் அச்சுக்கான கட்டத்தில் 'டி4' என்று இருந்தால் உடனே ஸ்பேனர் பெட்டியை எடுத்து வந்துவிடுவார்கள். அந்த வண்டி ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், 1995 முதல் 2001 வரையிலான மாடல். டி4 என்றால் பல்விகிதம் 3.73, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றும். எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை. அந்தப் பின் அச்சு போய்ச் சேரப்போகிற இடம், ஒரு ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பின் அடிப்பக்கம்.

இந்த இரண்டு வண்டிகளும் ஏன் பொருந்துகின்றன? 1991 மாடலாக வந்த எக்ஸ்ப்ளோரரே ரேஞ்சரின் அடிச்சட்ட வடிவமைப்பிலிருந்து பிறந்ததுதான். இரண்டிலும் சக்கரத்துக்கு ஐந்து போல்ட்டுகள், 4.5 அங்குல வட்டத்தில். அகலம்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. 1983 முதல் 1992 வரையிலான ரேஞ்சரின் பின் அச்சு ஏறத்தாழ 56.5 அங்குலம், 1993 முதல் 2011 வரை 58.5, எக்ஸ்ப்ளோரருடையது 59.5க்கு அருகில். புதிய ரேஞ்சரில் போட்டால் பக்கத்துக்கு அரை அங்குலம் கூடும், கண்ணுக்கே தெரியாது. பழைய ரேஞ்சரில் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம், பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட வெளியே நிற்கும்.

பெயர் ஒன்றாக இருந்தால் பாகமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஃபோர்டின் எஃப்-150 பிக்கப்பில் 1996 வரை 5.5 அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட். 1997ல் 135 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து. 2004ல் அதே 135ல் ஆறு. ஒரே பெயர், எட்டு ஆண்டுகளுக்குள் மூன்று வகைச் சக்கரங்கள்.

சரி, இவ்வளவு பாடுபட்டு எதற்கு மாற்ற வேண்டும்? பெரும்பாலான ரேஞ்சர்களில் இருப்பது 7.5 அங்குல அச்சு. அந்த எண் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் விட்டம். எக்ஸ்ப்ளோரருடையது 8.8 அங்குலம். எஞ்சின் தரும் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் 3.4 மடங்கு பெருகி 1020 ஆகிறது. அப்புறம் பின் அச்சில் 3.73 மடங்கு பெருகி, ஏறத்தாழ 3800. மலைப்பாதையில் நாலு சக்கர இயக்கத்தின் 'லோ'வில் போட்டால் அது இன்னும் இரண்டரை மடங்கு. கியர்பாக்ஸ் கண்ணில் காணாத சுமையைப் பின் அச்சின் சில பற்கள் தாங்குகின்றன.

டிஃபரன்ஷியலிலிருந்து போய்ச் சக்கரத்தைச் சுழற்றும் அரைத் தண்டுகளும் முக்கியம். எக்ஸ்ப்ளோரரின் தண்டு முனையில் 31 வரிப்பற்கள், விட்டம் சுமார் 1.32 அங்குலம். ரேஞ்சரின் 28 வரிப்பல் தண்டு சுமார் 1.2 அங்குலம். வித்தியாசம் ஒரு கூழாங்கல் பருமன்கூட இல்லை. ஆனால் முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும், அதனால் விட்டம் பத்து சதவீதம் கூடினாலே வலு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. தண்டின் நடுப்பகுதி முறுக்கில் அதிகம் பங்கெடுப்பதில்லை. வெளி விளிம்புதான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. கொஞ்சம் பருமன் கூடினால் ஆதாயம் இவ்வளவு பெரிதாக இருப்பது அதனால்தான்.

பல்விகிதத்தைக் கையாலேயே எண்ணிப் பார்க்கலாம், இது எனக்குப் பிடித்த வேலை. வண்டியை நியூட்ரலில் தாங்கியில் நிறுத்தி, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இரு பின் சக்கரங்களையும் சேர்த்து ஒரு முழுச்சுற்று சுற்றுங்கள். கோடு மூன்று முறை வந்து, நாலாவது சுற்றில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் 3.73. கிரவுன் வீலில் 41 பற்கள், ஷாஃப்டின் முனையிலிருந்து அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 11. நாலு சுற்று முழுசாக வந்து அடுத்தது லேசாகத் தொடங்கினால் 4.10, அதாவது 41க்கு 10.

3.27 விகிதத்திலிருந்து 3.73க்குப் போனால், அதே வேகத்துக்கு எஞ்சின் 14 சதவீதம் அதிகம் சுற்ற வேண்டும். ஆனால் 27 அங்குல டயரை 31 அங்குலமாக்கினால் அந்தச் சுற்று ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிடும். பெரிய டயர் போட்டவர்கள் இந்த அச்சைத் தேடி அலைவதற்கு இதுதான் காரணம். நாலு சக்கர இயக்கம் உள்ள ரேஞ்சரில் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். முன் அச்சு 4.10ஆக இருக்கும்போது பின்னால் 3.73 போட்டால், நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் ஏதாவது ஒரு சக்கரம் சறுக்கியே தீர வேண்டும். மணலில் அது நடக்கும். தார்ச் சாலையில் சறுக்க வழியில்லாமல் முறுக்கு உள்ளேயே கட்டிக்கொண்டு பல்சக்கரங்களைத் தின்னும்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர். எக்ஸ்ப்ளோரரில் ஸ்பிரிங் பட்டைகள் அச்சுக்குக் கீழே செல்கின்றன, ரேஞ்சரில் மேலே. ஆகவே எக்ஸ்ப்ளோரர் அச்சில் பட்டை உட்காரும் இருக்கைகளை வெட்டியெடுத்துவிட்டு, குழாயின் மேற்புறத்தில் புதிதாக வெல்டு செய்ய வேண்டும். எங்கே வெல்டு செய்வது என்பது சுலபமான கேள்வி, அளந்தால் தெரிந்துவிடும். எந்தக் கோணத்தில் என்பதுதான் கடினமான கேள்வி.

கியர்பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் ஓடும் ஷாஃப்டின் இரு முனையிலும் சிலுவை வடிவ ஜாயிண்ட் இருக்கிறது. அதில் ஒரு விசித்திரம். வளைந்த நிலையில் சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். வளைவு 3 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. 10 டிகிரி என்றால் நூற்றில் ஒன்றரைப் பங்கு, அதாவது கோணம் மூன்று மடங்கானால் தொல்லை பத்து மடங்கு.

இதற்கு மருந்து அந்த இரண்டாவது ஜாயிண்டிலேயே இருக்கிறது. முன் ஜாயிண்ட் முந்தும் நேரத்தில் பின் ஜாயிண்ட் அதே அளவு பிந்தினால் கூட்டிக் கழித்து சக்கரத்துக்குச் சீரான வேகம் போகும். அதற்கு இரு கோணங்களும் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரு முனையிலும் ஜாயிண்டைப் பிடிக்கும் கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கியர்பாக்ஸின் வெளித்தண்டும் பினியனும் மாடிப்படியின் இரண்டு படிகளைப் போல, ஒன்று மேலே ஒன்று கீழே, ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். கியர்பாக்ஸ் பின்னோக்கி 4 டிகிரி சரிந்திருந்தால், பினியன் முன்னோக்கி 4 டிகிரி நிமிர்ந்திருக்க வேண்டும். எஞ்சின் இழுக்கும்போது பட்டைகள் முறுகிப் பினியனின் மூக்கு மேலே எழும்பும் என்பதால், அனுபவசாலிகள் ஒன்றிரண்டு டிகிரி குறைத்தே வைப்பார்கள்.

மிச்சிகனில் ஒரு நண்பரின் ரேஞ்சருக்கு இப்படி அச்சு மாற்றினோம். வெல்டு செய்த பட்டறையில் வண்டி லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தபோதே கோணம் பார்த்து முழுசாக வெல்டு வைத்துவிட்டார்கள். சக்கரம் தொங்கும்போது பட்டைகள் ஒரு நிலையில் இருக்கும், வண்டியின் எடை இறங்கியதும் வேறு நிலைக்குத் திரும்பிவிடும். மணிக்கு 55 மைல் வந்ததும் தரையிலிருந்து ஒரு ரீங்காரம் எழுந்தது. உள்ளே இருக்கும் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கிய நீரில் தெரிவதுபோல் தெரிந்தது. அந்த வேகத்தில், 31 அங்குல டயரில், ஷாஃப்ட் நிமிடத்துக்கு சுமார் 2300 முறை சுற்றுகிறது. சுற்றுக்கு இரண்டு தள்ளல், ஆக நொடிக்கு ஏறத்தாழ 76 அதிர்வு. நாங்கள் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். காந்தம் பதித்த கோணமானியை வைத்துப் பார்த்தபோது பினியன் 6 டிகிரி விலகியிருந்தது. இருக்கைகளை மறுபடி வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை, வண்டியின் முழு எடையும் அச்சின் மேல் இறங்கிய பிறகு கோணம் பார்த்து, நாலு இடத்தில் புள்ளி வெல்டு மட்டும் வைத்து, திரும்பவும் அளந்தோம். அதன் பிறகே முழு வெல்டு. அதையும் ஒரே மூச்சில் ஓட்டாமல், இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆறவிட்டு வைத்தோம். ஒரேயடியாகச் சூடேறினால் குழாயே வளைந்துவிடும்.

பிரேக்கிலும் அவசரப்படக் கூடாது. பெரும்பாலான ரேஞ்சர்களின் பின்னால் டிரம் பிரேக், 1995க்குப் பிந்தைய எக்ஸ்ப்ளோரரில் டிஸ்க். டிரம்மில், சுற்றும் டிரம்மே ஷூவை இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்தப் பழக்கம் இல்லை, மிதித்த அழுத்தத்துக்கு ஏற்பவே பிடிக்கும். அதனால் முன்–பின் பங்கீடு மாறுகிறது. பின்புறப் பெட்டி காலியாக இருக்கும் பிக்கப்பில் இது விளையாட்டல்ல. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாயும், லேசான பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி அப்படியே திரும்பி நிற்கப் பார்க்கும். முன் சக்கரங்கள் எப்போதும் ஒரு கணம் முன்னதாகப் பூட்ட வேண்டும். மாற்றிய பிறகு ஆளில்லாத ஈரமான திடலில், குறைந்த வேகத்தில், யாரையாவது வெளியே நின்று பார்க்கச் சொல்லிச் சோதிப்பது அவசியம்.

டிஃபரன்ஷியலின் மேலே ஒரு சென்சார் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு பின் சக்கர வேகத்தை அறிவது அதன் வழியாக. சில ஆண்டு மாடல்களில் வேகமானியும் அதையே நம்பியிருக்கிறது. டயர் அளவு மாறினால் முள் பொய் சொல்லும். கணக்கைத் திருத்த வேண்டும்.

கிரவுன் வீலையும் பினியனையும் தனித்தனியாக வாங்கிச் சேர்க்காதீர்கள். தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடியாக்கியிருக்கிறார்கள். வேறு ஜோடியோடு சேர்த்தால் ஊளையிடும். டி4 அச்சுக்கு எண்ணெய் ஊற்றும்போது, உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளுக்கான உராய்வு மாற்றியையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் திருப்பங்களில் தகடுகள் விட்டுவிட்டுப் பிடித்து நடுங்கும்.

நண்பரின் வண்டியை நூறு மைல் ஓட்டிவிட்டு வந்து மறுபடி அடியில் படுத்தோம். அச்சைப் பட்டைகளோடு கட்டும் யூ போல்ட்டுகளின் நட்டுகளில் கால் சுற்று இளகியிருந்தது, புதுப் பட்டையும் புது இருக்கையும் ஒன்றோடொன்று படிந்ததால். குறித்த இறுக்கம் வந்ததும் சத்தமிடும் டார்க் ரெஞ்சை வைத்து எட்டு நட்டுகளையும் வரிசையாக முறுக்கினோம். ஒவ்வொன்றிலும் 'டிக்' என்று கேட்டபிறகுதான் அவர் எழுந்தார்.