எறும்புத் தலையைக் கட்டிக்கொண்டு சிலந்தி வலையில் குடியிருக்கும் புழு

"வீட்டுச் சுவரில் சாம்பல் பூசிய பூசணி விதை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, குப்பை என்று விட்டுவிட்டேன், சாயங்காலம் பார்த்தால் ஒரு சாண் மேலே போயிருக்கிறது, இது என்ன?" என்று ஒரு வாசகி படத்தோடு கேட்டிருந்தார். அது ஒரு அந்துப்பூச்சியின் புழு. விதை மாதிரித் தெரிவது அதன் வீடு. வாயிலிருந்து வரும் பட்டு நூலில் பை பின்னி, அதன்மேல் மணல், தூசி, சுண்ணாம்புத் துகள் எல்லாம் ஒட்டிவைத்திருக்கும். பைக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு, புழு உள்ளேயே திரும்பிக்கொண்டு எந்தப் பக்கமாகவும் தலையை நீட்டும். வீட்டைச் சுமந்துகொண்டேதான் நடக்கும். நம் ஊரில் இது இல்லாத வீடு குறைவு.

இந்தக் கேள்வி வந்ததும் எனக்கு ஹவாயில் கண்டுபிடித்த ஒரு புழுதான் ஞாபகத்துக்கு வந்தது. 2025 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் டேனியல் ரூபினாஃபும் அவர் குழுவினரும். ஹைப்போஸ்மோகோமா என்ற பேரினத்தைச் சேர்ந்த சின்ன அந்துப்பூச்சி அது. கட்டுரை வந்தபோது முறையான அறிவியல் பெயர்கூடச் சூட்டியிருக்கவில்லை, 'எலும்பு சேகரிப்பான்' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். பூச்சிக்கு ஏது எலும்பு என்று கேட்காதீர்கள், அதன் கூட்டைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்பீர்கள்.

இந்தப் புழு சிலந்தி வலையில் குடியிருக்கிறது. மரப்பொந்து, உளுத்த கட்டை, பாறை இடுக்கு மாதிரியான இடங்களில் சிலந்தி கட்டிய வலைக்குள், வீட்டுக்காரி அங்கேயே உட்கார்ந்திருக்கும்போதே, இது ஊர்ந்து திரியும். வலையில் மாட்டி ஓய்ந்துபோன பூச்சியையும் செத்த பூச்சியையும் தின்னும், இரைக்கும் தனக்கும் நடுவே வலை நூல் இருந்தால் அதைக் கடித்து வழி செய்துகொள்ளும். புழு என்றாலே இலை தின்பது என்றுதானே பள்ளியில் படித்தோம்? கறி தின்னும் அந்துப்புழு ஆயிரத்தில் ஒன்று தேறுவதே சந்தேகம்.

சரி, சிலந்தி ஏன் இதைப் பிடித்துத் தின்பதில்லை? எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். தின்று முடித்த இடத்தில் மிச்சம் கிடக்குமே, எறும்பின் தலை, கூன்வண்டின் தலை, ஈயின் சிறகு, சிலந்தியே உரித்துப் போட்ட தோல், இவற்றைப் பொறுக்கித் தன் பட்டுக் கூட்டின்மேல் ஒட்டிக்கொள்கிறது. கையில் கிடைத்ததை அப்படியே அப்பிக்கொள்வதும் இல்லை. ஒரு துண்டை எடுத்து, வாயால் தடவித் தடவி, திருப்பித் திருப்பி அளவு பார்க்கிறது. பெரிதாக இருந்தால் கடித்துச் சின்னதாக்குகிறது. அப்புறம்தான் காலியாக இருக்கும் இடத்தில் வைத்து நூலால் தைக்கிறது. நகைக்கடைப் பட்டறையில் கல் பதிக்கிறவர் ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் பார்த்து வைப்பாரே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆய்வகத்தில் வளர்த்தபோது வேறு குப்பைகளைப் போட்டும் பார்த்திருக்கிறார்கள், சீந்தவில்லை. அதற்குப் பூச்சி உடம்புதான் வேண்டும்.

வலை கட்டும் சிலந்திகள் பலவற்றுக்குக் கண் பார்வை சுமார்தான். நூலின் அதிர்வு, காலால் தொட்டுப் பார்ப்பது, ருசி, வாசனை, இவற்றை வைத்துத்தான் அவை உலகத்தை அறிகின்றன. அப்படிப்பட்டவளுக்குத் தான் தின்று போட்ட மிச்சமும் தான் உரித்த தோலும் தட்டுப்பட்டால் 'பழைய குப்பை' என்று விட்டுவிடுவாள் என்று ஊகிக்கலாம். சிலந்தி இந்தப் புழுக்களைப் பிடித்துத் தின்றதாகவோ நூலில் சுற்றிவைத்ததாகவோ இதுவரை யாரும் பார்த்ததில்லை.

இதே பேரினத்தில் 350க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, எல்லாமே ஹவாயில் மட்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கூடு கட்டும், சுருட்டு மாதிரி ஒன்று, மிட்டாய்க் காகிதம் மாதிரி ஒன்று. 2005இல் இதே ரூபினாஃப், வில்லியம் ஹெயின்ஸ் என்பவரோடு சேர்ந்து, நத்தையைப் பட்டு நூலால் இலையோடு கட்டிப்போட்டுத் தின்னும் புழுவைப் பற்றி எழுதினார். கயிறு போட்டுக் கட்டிய பிறகு ஓட்டுக்குள் பதுங்கும் நத்தையைத் துரத்திக்கொண்டே உள்ளே போகுமாம்!

இன்னொரு விசித்திரம். மரபணுவை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டதில் எலும்பு சேகரிப்பானின் வம்சம் குறைந்தது 60 லட்சம் ஆண்டுப் பழமை. ஆனால் அது இன்று இருக்கும் ஓவாஹு தீவுக்கு அவ்வளவு வயது கிடையாது, பெரிய தீவுகளில் மூத்ததான கவாய்க்கே ஏறக்குறைய 50 லட்சம்தான். வீட்டைவிடக் குடியிருப்பவருக்கு வயது அதிகம். ஹவாயில் பூமிக்கடியிலிருந்து எரிமலைக் குழம்பு ஓரிடத்தில் பொங்கிக்கொண்டே இருக்க, மேலே கடல்தரை வடமேற்காக நகர்கிறது, பழைய தீவு தேய்ந்து அமிழ்ந்துபோகப் பின்னால் புதுத் தீவு முளைக்கிறது. மூழ்கப்போகும் வீட்டைக் காலிசெய்து அடுத்த தீவுக்குக் குடிபெயர்ந்த பூச்சிகளின் வாரிசுதான் இது. இப்போது ஓவாஹுவின் வையனே மலையில் சுமார் 15 சதுர கிலோமீட்டர்தான் அதன் உலகம். ஒட்டி வாழும் சிலந்திகளோ வெளியிலிருந்து வந்தேறியவை, பழைய உள்ளூர்ச் சிலந்தியை விட்டு இவற்றுக்கு மாறியிருக்க வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, 150க்கும் மேற்பட்ட தடவை தேடி, மொத்தம் அகப்பட்டவை 62 புழுக்கள். ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்பதால் ஒரு வலைக்கு ஒன்றுதான். வருடத்துக்கு மூன்று புழு! நம் ஊரில் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் போட்டவர்களுக்குத் தெரியும், 'மூன்று ஆண்டில் என்ன பயன்' என்ற கட்டத்தை நிரப்பாமல் முதல் பக்கத்தைக்கூடத் தாண்ட முடியாது. அந்தக் கட்டத்தில் 'ஒன்பது புழு' என்று எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன், சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

வாசகி இரண்டாவதாக ஒன்று கேட்டிருந்தார், அவர் வீட்டுச் சுவரில் இருக்கும் புழு கடிக்குமா என்று. கடிக்காது. கம்பளித் துணியை மட்டும் அலமாரியில் பத்திரமாக வையுங்கள். மற்றபடி அதற்கு உதிர்ந்த முடி, செத்த பூச்சி, பழைய ஒட்டடை இவைதான் சாப்பாடு, ஒட்டடைக் கோலை எடுத்து மூலைகளைச் சுத்தம் செய்தாலே பாதி குறைந்துவிடும்.