தொண்டு நிறுவனத்தில் சம்பளம்: எவ்வளவு, யார் முடிவு செய்வது?

“சேவை நிறுவனம்தானே, சம்பளத்தைப் பற்றி இவ்வளவு கேட்கலாமா?” பாலக்காட்டு எல்லையில் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இன்னும் இப்படிச் சொல்கிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். தொண்டு நிறுவனம் தரும் சம்பளத்துக்குச் சட்டத்தில் இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு கிடையாது, கீழ்வரம்பு உண்டு. அதற்கு மேல் எந்தத் தொகை வைத்தாலும், ஏன் அந்தத் தொகை என்பதற்குக் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும்.

முதலில் கீழ்வரம்பு. குறைந்தபட்ச ஊதியத்துக்குப் பார்க்க வேண்டியது வேலை நடக்கும் இடத்தை. சங்கம் பதிவான ஊரை அல்ல. கொழிஞ்சாம்பாறையில் பதிவான ஒரு சொசைட்டி, மீனாட்சிபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு ட்யூஷன் சென்டர் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கொழிஞ்சாம்பாறை ஆபீஸ் ஊழியருக்குக் கேரள அரசின் விகிதம், சென்டர் ஆசிரியைக்குத் தமிழ்நாட்டு விகிதம். ஆந்திரச் சித்தூர் மாவட்டத்தில் ஆபீஸ் வைத்துக்கொண்டு வேலூர்ப் பக்கம் வேலை செய்பவர்களுக்கும் இதே கணக்கு. 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டுமே குறைந்தபட்ச ஊதியம் என்றிருந்த நிலை அதோடு போயிற்று. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்பதும் கூடாது. போனஸ் மட்டும் லாப நோக்கற்ற நிறுவனங்களுக்குக் கட்டாயமில்லை.

பட்ஜெட் போடும்போது பல சங்கங்கள் சறுக்குவது அடுத்த இடத்தில். ஆசிரியைக்கு மாதம் 15,000 என்று எழுதி நன்கொடையாளருக்கு அனுப்பிவிடுகிறார்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) உண்டு, நிறுவனத்தின் பங்கும் கட்டணங்களும் சேர்த்து சுமார் 1,950 ரூபாய். பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் இ.எஸ்.ஐ (ஊழியர் மருத்துவக் காப்பீடு), நிறுவனம் கட்டுவது 3.25 சதவீதம், அதாவது 488. கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடைக்கு, மாதம் சுமார் 721 ஒதுக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் 18,159. இந்த மூவாயிரத்துச் சொச்சத்தை முதலிலேயே கேட்காத சங்கம், பிறகு அதை ஆசிரியையின் சம்பளத்திலேயே பிடிக்கப் பார்க்கும். இல்லாவிட்டால் அவரைக் ‘கன்சல்டன்ட்’ ஆக்கி, மதிப்பூதியம் என்று எழுதி, 10 சதவீதம் டி.டி.எஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து அனுப்பிவிடும். தினமும் கையெழுத்துப் போட்டு, சொன்ன நேரத்துக்கு வந்து, லீவுக்கு அனுமதி கேட்பவர் ஊழியர்தான். வவுச்சரில் வேறு பெயர் எழுதியதால் அது மாறாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. 15,000-க்கு ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதில் ஐயாயிரத்தை ‘நன்கொடை’ என்று திரும்ப வாங்கிக்கொள்வது. சிலர் அதற்கு ரசீதுகூடத் தருவார்கள்! ஊழியர் மனமுவந்து கொடுத்தால் அது நன்கொடை. வேலையில் நீடிக்க அதுதான் நிபந்தனை என்றால் அது சம்பளத் திருட்டு.

இனி மேலே இருப்பவர்களின் சம்பளம். நிறுவனரோ அறங்காவலரோ சம்பளமே வாங்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். டீடிலோ (அறக்கட்டளைப் பத்திரம்) பைலாவிலோ (சங்க விதிகள்) இடமிருந்து, உண்மையாகவே வேலை செய்தால் வாங்கலாம். 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13-வது பிரிவு கேட்டது ஒன்றுதான்: செய்த வேலைக்கு அந்தத் தொகை நியாயமானதா? 2026 ஏப்ரலில் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும் கேள்வி மாறவில்லை. நிறுவனர், அறங்காவலர், மேனேஜர், இவர்களின் கணவன் மனைவி, உடன்பிறந்தவர், பிள்ளைகள், கூடவே பெரிய நன்கொடையாளர் எல்லோருக்கும் இது பொருந்தும். நியாயத்துக்கு மேல் போன தொகைக்கு நிறுவனம் 30 சதவீத வரி கட்ட வேண்டும். அது போதாதென்று, 2022-ல் வந்த திருத்தம் அந்த அதிகப்படித் தொகை அளவுக்கே அபராதமும் வைத்தது. மறுபடி செய்தால் இரண்டு மடங்கு.

நியாயம் என்பதை எப்படிக் காட்டுவது? செகரட்டரியின் தம்பியை கோஆர்டினேட்டராக எடுக்கிறார்கள், மாதம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். மினிட்ஸ் புத்தகத்தில் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று ஒரு வரி மட்டும் இருந்தால் ஆடிட்டருக்கே போதாது. என்ன வேலை, என்ன படிப்பு, எத்தனை வருட அனுபவம் என்று எழுதியிருக்க வேண்டும். பாலக்காடு, கோவை வட்டாரத்தில் இதே அளவு பட்ஜெட் உள்ள மூன்று நான்கு நிறுவனங்கள் இதே பதவிக்கு எவ்வளவு தருகின்றன என்று விசாரித்து, அந்தத் தாளையும் சேர்த்து வைக்க வேண்டும். சென்னை என்ஜிஓ சம்பளத்தைக் காட்டிக் கொழிஞ்சாம்பாறைக்குக் கேட்டால் எடுபடாது. பேச்சு நடக்கும்போது செகரட்டரி எழுந்து வெளியே போயிருக்க வேண்டும், அதுவும் மினிட்ஸில் பதிவாக வேண்டும். சொந்தக்காரர்கள் நிறைந்த கமிட்டியில் இது சங்கடம்தான். அப்படியானால் வெளியாள் இரண்டு பேரைக் கமிட்டியில் சேர்க்க வேண்டியதுதான். அமெரிக்க வரித்துறையும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது: சம்பந்தமில்லாதவர்களின் முடிவு, ஒப்பீட்டுத் தகவல், உடனே எழுதிய பதிவு. நம் நாட்டில் தொண்டு நிறுவனங்களுக்கு நன்னடத்தை நெறிகள் வகுக்கும் கிரெடிபிலிட்டி அலையன்ஸ் அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், தலைமைப் பொறுப்பாளர், அதிகம் வாங்கும் மூவர், குறைவாக வாங்குபவர் ஆகியோரின் சம்பளத்தை ஆண்டறிக்கையில் போடச் சொல்கிறது. கடைசி எண்ணைப் போடத்தான் பலருக்குக் கை வராது.

வெளிநாட்டு நிதி வாங்குபவர்களுக்குக் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின், அந்த நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் 50 இருந்தது. இயக்குநர், கணக்காளர் சம்பளம் இதற்குள் வரும். ஆஸ்பத்திரி டாக்டர், பள்ளி ஆசிரியர் சம்பளம் நேரடியாக நோக்கத்துக்கான செலவு என்பதால் இந்தக் கணக்கில் சேராது. அதனால்தான் பாதி நாள் வகுப்பெடுத்து, பாதி நாள் ஆபீஸ் பார்ப்பவரின் நேரத்தைப் பிரித்து எழுதி வைக்கச் சொல்கிறார்கள்.

ஊழியர் தரப்பில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நியமன ஆணையும் மாதச் சம்பளச் சீட்டும் கேட்டு வாங்குங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வர வேண்டும். சீட்டில் பி.எஃப் பிடித்தம் காட்டினால், உங்கள் பி.எஃப் கணக்குக்கான யு.ஏ.என் எண்ணைப் போட்டுப் பாஸ்புக்கைப் பாருங்கள். சீட்டில் பிடித்த பணம் அதில் ஏறவில்லை என்றால் முதலில் ஆபீஸில் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பி.எஃப் அமைப்பின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போடலாம்.