இம்பீடன்ஸ்னா என்ன, தமிழ்ல அதை ஏன் தளைன்னு சொல்லலாம்

டியூப் ஆம்ப்ல (வெற்றிடக் குழாய் வெச்ச ஆம்ப்ளிஃபயர்) ஹெட்போன் மாட்டிப் பாட்டு கேக்கணும்னு ஆசைப்படற யாரா இருந்தாலும் முதல் வாரத்துலயே முட்டிக்கிற சொல் இது. ஹெட்போன் பெட்டி மேல 32 ஓம், 300 ஓம், 600 ஓம்னு ஏதாவது போட்டிருக்கும், ஆம்ப் கூட வர்ற தாள்லயும் ஒரு ஓம் கணக்கு இருக்கும், ரெண்டும் மேட்ச் ஆகணும்னு எல்லாரும் சொல்வாங்க, மேட்ச்னா என்னங்கன்னு திருப்பிக் கேட்டா பாதிப் பேர் ரெண்டு நம்பரும் ஒண்ணா இருக்கணும்பாங்க. நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். சொல்லோட பூர்வீகத்தைத் தேடிப் போன பிறகுதான் தெளிஞ்சது.

இம்பீடன்ஸ்ங்கிற சொல்லை 1886-ல உண்டாக்கினவர் ஆலிவர் ஹெவிசைட். 16 வயசோட பள்ளிக்கூடத்தை விட்டுட்டு, தந்தி ஆபரேட்டரா வேலை பார்த்துக்கிட்டே தானா கணக்குப் படிச்ச ஆளு. இண்டக்டன்ஸ், அட்மிட்டன்ஸ் எல்லாமே அவர் கைவரிசைதான், பேர் வைக்கறதுல மனுஷனுக்கு அவ்வளவு பிரியம். இந்தச் சொல்லுக்கு வேர் லத்தீன்ல இருக்கற இம்பெடீரே. பெஸ்னா கால் (பெடல் வந்ததும் அங்கேருந்துதான்), இம்பெடீரேன்னா காலைக் கட்டிப்போடறது, விலங்கு மாட்டறது. அதுக்கு நேர் எதிர்ச்சொல் எக்ஸ்பெடீரே, கால்கட்டை அவிழ்த்து விடறது, எக்ஸ்பெடிஷன் அதுலேருந்து வந்தது.

சரி, ரெசிஸ்டன்ஸ்னு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு? பேட்டரி மாதிரி ஒரே திசையில போற கரண்டுக்கு ரெசிஸ்டன்ஸ் போதும். பாட்டு அப்படி இல்லையே, செகண்டுக்கு 20 தடவைலேருந்து 20,000 தடவை வரைக்கும் முன்னும் பின்னும் ஆடற கரண்ட் அது. அந்த ஆட்டத்தோட வேகத்தைப் பொறுத்து காயிலும் (கம்பிச் சுருள்) கெப்பாசிட்டரும் (மின்னூட்டத்தைத் தேக்கி வெக்கற பாகம்) வேற வேற அளவுக்கு முரண்டு பிடிக்கும். அந்த முரண்டையும் ரெசிஸ்டன்ஸையும் சேர்த்துப் பார்க்கிறதுதான் இம்பீடன்ஸ், அதான் ஒரே ஹெட்போனுக்கு ஒவ்வொரு ஸ்வரத்துலயும் ஒவ்வொரு இம்பீடன்ஸ். மல்டிமீட்டரை ஜாக்ல வெச்சு அளந்தா கிடைக்கறது வெறும் டிசி ரெசிஸ்டன்ஸ், பெட்டி மேல போட்டிருக்கறது ஒரு பேச்சுக்குச் சொல்ற நம்பர். சென்ஹைசர் ஹெச்டி 650-ஐ எல்லாரும் 300 ஓம் ஹெட்போன்னுதான் சொல்றோம், ஆனா பேஸ் பக்கம் அதோட டயஃப்ரம் (சத்தம் எழுப்பற மெல்லிய சவ்வு) தானா அதிர்ற இடத்துல, சுமார் 100 ஹெர்ட்ஸை ஒட்டி, அது 500 ஓம் கிட்ட ஏறிடும்.

இனி தமிழுக்கு வருவோம். ரெசிஸ்டன்ஸுக்கு மின்தடைன்னு நல்லாவே நிலைச்சிடுச்சு. இம்பீடன்ஸுக்குத்தான் குழப்பம். மின்னெதிர்ப்பு, மின்மறுப்புன்னு ரெண்டும் புழக்கத்துல இருக்கு, ஒருத்தர் இம்பீடன்ஸுக்கு வெச்ச சொல்லையே இன்னொருத்தர் ரியாக்டன்ஸுக்கு (காயில், கெப்பாசிட்டரோட முரண்டு மட்டும்) வெச்சிருப்பார், படிக்கறவனுக்குத் தலை சுத்தும். ஈழத்துக் கலைச்சொல் மரபுல தடங்கல்ங்கறாங்க, எனக்கு அது எதிர்ப்பு, மறுப்பை விட ஒரு படி மேல படுது, தடம்னு காலோட வாடையாவது அதுல இருக்கு. எதிர்ப்புன்னு சொன்னா ஹெட்போன் என்னமோ ஆம்ப் கூடச் சண்டைக்கு நிக்கற மாதிரி ஆயிடுது.

என் கட்சி தளை. காலில் பூட்டற விலங்கு தளை, மரம் ஏறும்போது ரெண்டு காலையும் சேர்த்துப் பிணைச்சிக்கிற கயித்து வளையமும் தளை. லத்தீன்காரன் நினைச்ச அதே பொருள் நம்ம கிட்ட ரெண்டே எழுத்துல கிடக்கு. அதுவும் அந்த ரெண்டாவது தளை ஏறவிடாம தடுக்கறது இல்ல, சறுக்காம மரத்தைப் பிடிச்சு ஏறவே அதுதான் துணை. இம்பீடன்ஸும் அப்படித்தான், அது இல்லாத ஹெட்போன் ஷார்ட் சர்க்யூட்!

ஆனா எனக்கு இந்தச் சொல் மேல பைத்தியம் பிடிச்சதுக்குக் காரணம் யாப்பு. செய்யுள்ல ஒரு சீர் முடியற அசைக்கும் அடுத்த சீர் தொடங்கற அசைக்கும் இருக்கற உறவுக்குப் பேர் தளை. தனிச் சீரைப் பார்த்துத் தளை சரியா தப்பான்னு சொல்ல முடியாது, ரெண்டைச் சேர்த்து வெச்சாதான் தெரியும். வெண்பா எழுதப் பழகினவங்களுக்கு மாமுன் நிரை, விளமுன் நேர்ங்கற விதி (மா, விளம் சீர் வகை, நேர், நிரை அசை வகை) தூக்கத்துலயும் வரும். மாச்சீர் நேரசையில முடியும், அதுக்கு அடுத்தது இன்னொரு நேர்ல தொடங்கினா வெண்பாவுக்குத் தளை தட்டிடுச்சு, நிரையில தொடங்கினாதான் ஓசை கெடாது. நேருக்கு நேரே ஒத்து வர்றது ஆசிரியத்தளை, அதுக்கு வேற பா இருக்கு. ஆக பொருந்தறதுன்னா ஒண்ணா இருக்கறதுன்னு கட்டாயம் இல்ல, எந்த இடத்துக்கு எது பொருந்தணும்ங்கறதுதான் கேள்வி.

ஹெட்போன் கதை அப்படியே இதுதான். ரெண்டு பக்கமும் ஒரே ஓம் இருக்கணும்ங்கறது உள்ளதுல அதிக பவரைக் கறக்க நினைச்ச தந்தி, டெலிபோன் காலத்து விதி. வீட்டுல உக்காந்து நிம்மதியா பாட்டு கேக்க அது வேண்டாம், ஆம்ப்போட அவுட்புட் இம்பீடன்ஸ் (ஹெட்போன் மாட்டற பக்கம் ஆம்புக்குள்ளயே இருக்கற இம்பீடன்ஸ்) ஹெட்போனோடதுல எட்டுல ஒரு பங்குக்குள்ள இருந்தா கவலையே இல்லன்னு ஒரு கைக்கணக்கு புழங்குது. டியூப்ல இதுதான் சிக்கல். டியூபுக்குப் பிறவியிலேயே இம்பீடன்ஸ் ஜாஸ்தி, 12ஏஎக்ஸ்7 மாதிரி சின்ன டியூபுக்கு உள்தடை மட்டும் 60,000 ஓமுக்கு மேல. அதைக் கீழ இறக்க ரெண்டு வழி. ஒண்ணு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், அதுல சுத்து விகிதத்தோட வர்க்கத்துக்கு இம்பீடன்ஸ் மாறும், 25-க்கு 1-னு சுத்தினா 625 மடங்கு, அதாவது 8 ஓம் ஸ்பீக்கர் டியூபுக்கு 5,000 ஓமாத் தெரியும். இன்னொண்ணு ஓடிஎல், டிரான்ஸ்ஃபார்மரே இல்லாதது. அதுல 6ஏஎஸ்7, 6080 மாதிரி டியூப் வரும், பவர் சப்ளை ரெகுலேட்டருக்குன்னு செஞ்ச முரட்டு டியூப், உள்தடை 280 ஓம்தான். அதை வெச்சுக் கட்டினாலும் அவுட்புட் இம்பீடன்ஸ் பல சமயம் 100 ஓம் பக்கத்துலயே நிக்கும்.

120 ஓம் அவுட்புட் உள்ள ஒரு ஓடிஎல்லை எடுத்துக்குவோம். ஆம்ப் தர்ற வோல்டேஜை அந்த 120 ஓமும் ஹெட்போனும் பங்கு போட்டுக்கும். 300 ஓம் இடத்துல ஹெட்போனுக்கு 71 சதவீதம் கிடைக்குது, பேஸ்ல 500 ஓமுக்கு ஏறும்போது 81 சதவீதம், வித்தியாசம் 1 டெசிபல். அவ்வளவுதான், பேஸ்ல லேசா ஒரு சதைப்பிடிப்பு. டியூப்ல கேட்டா கதகதப்பா இருக்குன்னு சொல்றோமே, ஹெச்டி 600, 650 மாதிரி ஹெட்போன்ல அதுல ஒரு பங்கு இந்தக் கணக்குதான், மிச்சம் டியூபோட செகண்ட் ஹார்மோனிக் (மூல ஸ்வரத்தோட ரெண்டு மடங்கு அதிர்வெண்ல டியூப் தானா சேர்க்கற ஒலி), அது தனிக்கதை. அதே ஆம்ப்ல 32 ஓம் ஹெட்போனை மாட்டி, அது பேஸ்ல 60 ஓமுக்குப் போகுதுன்னு வைங்க, வித்தியாசம் 4 டெசிபல். டயஃப்ரத்தைப் பிடிச்சு நிறுத்த ஆம்புக்குப் பிடிமானமும் இல்லாததால பேஸ் தொளதொளன்னு ஆயிடும். இதைத்தான் நான் தளை தட்டுதுன்னு சொல்வேன்.

போதாததுக்கு டியூபுக்கு வோல்டேஜ் தர்றது சுலபம், கரண்ட் தர்றதுதான் கஷ்டம். 1 மில்லிவாட்டுக்கு 300 ஓம் ஹெட்போன் அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல கேக்கும், கரண்ட் 2 மில்லிஆம்ப் கூட வேண்டாம். 32 ஓமுக்கு வோல்டேஜ் 0.18 போதும், ஆனா கரண்ட் மூணு மடங்கு. பேயர்டைனமிக் டிடி 880-ல 600 ஓம் மாடலைத் தேடிப்பிடிச்சு ஓடிஎல்லோட சேர்க்கறவங்க பந்தாவுக்குச் செய்யலை. பிளானர் ஹெட்போனுக்கு (தட்டைச் சவ்வு மேலயே கம்பித்தடம் ஓடற வகை) இம்பீடன்ஸ் மேல கீழ ஆடாது, அதனால டோன் மாறாது, ஆனா கரண்ட் கேக்கறது பல பிளானர்ல இருக்கு, அதுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச ஆம்ப்தான் தோது. சின்ன இயர்போனை ஓடிஎல்ல ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன், பாட்டு போடறதுக்கு முன்னாடியே காதுக்குள்ள ர்ர்ர்னு ஒரு ஹம், விரலால டியூபைத் தட்டினா கோயில் மணி மாதிரி உள்ள கணீர்ங்குது, அதோட கழட்டினவன்தான்.

தளைன்னு மொட்டையா விட்டா யாப்போட குழம்பும்னு ஒருத்தர் சொன்னார், நியாயம்தான், மின்தளைன்னு வெச்சுக்கலாம், ஆம்ப் பக்கம் வெளியீட்டு மின்தளை, ஹெட்போன் பக்கம் சுமை மின்தளை. ஓம் ஓமாவே இருக்கட்டும், அது ஒரு ஆளோட பேர். அட்மிட்டன்ஸ்னு ஹெவிசைட் இம்பீடன்ஸோட தலைகீழுக்கு (1-ஐ அதால வகுத்தா வர்றது) ஒரு பேர் வெச்சாரே, அதுக்குத்தான் இன்னும் யோசிச்சிட்டிருக்கேன். மொட்டு கட்டவிழ்ந்து விரியறதைப் பழைய பாட்டுகள்ல தளையவிழ்தல்ம்பாங்க, அதுலேருந்து தளையவிழ்வுன்னு எடுக்கலாம், சர்க்யூட் படத்துல எழுத இடம்தான் பத்தாது.