வடமும் வெண்பனியும்: சேர்லிஃப்ட் ஏறுமிடத்தின் இயற்பியல்

பனிச்சறுக்கு மலையின் அடிவாரத்தில், வடத்தில் தொங்கும் இருக்கைகளில் ஆட்களை மேலே ஏற்றிச் செல்லும் சேர்லிஃப்ட்டில் ஏற நிற்பவரின் முழங்காலுக்குப் பின்புறமாக வந்து சேரும் இருக்கை, அவர் நிற்கும் தளத்திலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இருக்கையைத் தாங்கும் வடத்தின் உயரம் அந்த இடத்தில் நாள்தோறும் மாறுவதில்லை. மாறுவது கீழே கிடக்கும் வெண்பனியின் மட்டம்தான். நண்பகல் வெயிலிலும் நூற்றுக்கணக்கானோரின் சறுக்குப் பலகைகள் அரைப்பதாலும் அந்த மட்டம் 10 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டால், குழந்தைகளுக்கும் குட்டையானவர்களுக்கும் இருக்கை எட்டாத உயரத்திற்குப் போய்விடுகிறது. இரவில் பெய்த பனியால் மட்டம் உயர்ந்துவிட்டாலோ, இருக்கையின் விளிம்பு கெண்டைக்காலில் இடித்து ஆளை முன்னால் தள்ளுகிறது. ஆகவே ஏறுமிடத்தில் கையில் மண்வாரியுடன் நிற்கும் பணியாளர் பனியை வாரிப் போடுவதைத் துப்புரவுப் பணி என்று எண்ணிவிடக் கூடாது. அவர் இயந்திரத்தின் ஒரு பாகத்தைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

சேர்லிஃப்ட்டின் அடிப்படை அமைப்பு எளியது. அடிவாரத்தில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாக உள்ள இரு பெரிய சக்கரங்களைச் சுற்றி, முனையற்ற எஃகு வடம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இடையிலுள்ள கோபுரங்களின் மேல் வரிசையாகப் பொருத்திய சிறு உருளிகள் அதைத் தாங்குகின்றன. வடத்தைக் கவ்விப் பிடித்த கவ்விகளிலிருந்து இருக்கைகள் தொங்குகின்றன. முனையற்றது என்று சொன்னாலும், வடம் தொழிற்சாலையிலிருந்து இரு முனைகளோடுதான் வருகிறது. பொதுவாக அதில் ஆறு புரிகள் ஒரு மென்மையான நடுத்தண்டைச் சுற்றி முறுக்கப்பட்டிருக்கும். இரு முனைகளையும் இணைக்கும்போது ஆணியோ பற்றவைப்போ பயன்படுத்துவதில்லை. ஒரு முனையின் புரிகளை மற்றதன் புரிகளோடு ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னி, ஒவ்வொரு புரியின் நுனியையும் நடுத்தண்டை எடுத்துவிட்ட இடத்தில் உள்ளே செருகிவிடுகிறார்கள். வடம் இறுக இறுக வெளிப்புரிகள் உள்ளே செருகிய நுனிகளை மேலும் நெரிப்பதால், அந்தப் பிணைப்பு உராய்வினாலேயே நிற்கிறது. இதன் நீளம் வடத்தின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 1200 மடங்கு இருப்பது வழக்கம். 40 மில்லிமீட்டர் வடம் என்றால் 48 மீட்டர். இவ்வளவு நீளமாகப் பரவியிருப்பதால்தான் தலைக்கு மேலே அந்த இடம் கடந்து போகும்போது யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை.

முதல் சேர்லிஃப்ட் 1936ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள சன் வேலியில் இயங்கத் தொடங்கியது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் கரன், யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பொறியாளர். வாழைத்தார்களைக் கொக்கிகளில் மாட்டிக் கப்பலில் ஏற்றும் வட அமைப்பு ஒன்றை அவர் முன்பே அறிந்திருந்தார். கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியைத் தொங்கவிட்டால் மனிதரையும் ஏற்றலாமே என்பது அவருடைய யோசனை. நின்றுகொண்டிருக்கும் மனிதரை ஓடும் நாற்காலி எந்த வேகத்தில் வந்து தூக்கினால் தாங்குவார் என்பதே அப்போது எழுந்த பெரிய கேள்வி. கோடைக்காலத்தில் வெண்பனிக்கு எங்கே போவது? ஒமஹா நகரில் ஒரு லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைத் தொங்கவிட்டு, சக்கரக் காலணி அணிந்து நின்றவர்களை அதனால் அள்ளிப் பார்த்தார்கள். நொடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகம் தாங்கக்கூடியது என்று தெரிந்தது. கவ்வி நிலையாகப் பூட்டப்பட்ட லிஃப்ட்கள் இன்றும் ஏறத்தாழ நொடிக்கு 2 முதல் 2.5 மீட்டர் வேகத்தில்தான் ஓடுகின்றன. மனித உடல் மாறாதபோது அந்த எண் மட்டும் எப்படி மாறும்?

அந்த வேகத்தின் பொருளை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒரு பொருள் விழும் உயரத்திற்கும் அது அடையும் வேகத்திற்கும் உள்ள தொடர்பின்படி, நொடிக்கு 2.5 மீட்டர் என்பது சுமார் 32 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மோதுவதற்குச் சமம். நொடிக்கு 1 மீட்டர் என்றால் வெறும் 5 சென்டிமீட்டர்தான். வேகம் இரண்டரை மடங்கு கூடும்போது மோதலின் ஆற்றல் ஆறு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பணியாளரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது கூச்சப்பட வேண்டிய செயலன்று என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

கழலும் கவ்வி கொண்ட விரைவு லிஃப்ட்களில் இந்தச் சிக்கல் வேறு வழியில் தீர்க்கப்பட்டது. மலைமேல் வடம் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடினாலும், நிலையத்திற்குள் வந்ததும் கவ்வி வடத்தை விட்டுவிட, இருக்கை தனித் தண்டவாளத்தில் இறங்கி, ரப்பர் சக்கரங்களால் வேகம் தணிக்கப்பட்டு, நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் ஊர்ந்து வருகிறது. ஆள் ஏறியபின் மீண்டும் முடுக்கப்பட்டு, வடத்தின் வேகத்தை எட்டிய கணத்தில் கவ்வி பற்றிக்கொள்கிறது. பலர் இந்த லிஃப்ட் இரு மடங்கு ஆட்களை ஏற்றுகிறது என்று நம்புகிறார்கள். உண்மையில் ஒரு மணி நேரத்தில் ஏறுவோரின் எண்ணிக்கையை முடிவுசெய்வது, ஓர் இருக்கைக்கும் அடுத்த இருக்கைக்கும் இடையிலான நேரம்தான். நால்வர் அமரும் இருக்கை 6 நொடிக்கு ஒன்று வந்தால், மெதுவான லிஃப்ட்டாயினும் விரைவானதாயினும் மணிக்கு 2400 பேர். விரைவு லிஃப்ட்டில் இருக்கைகள் 30 மீட்டர் இடைவெளியிலும், மெதுவானதில் 14 மீட்டர் இடைவெளியிலும் தொங்குகின்றன என்பதே வேறுபாடு. வேகத்தால் குறைவது குளிரில் தொங்கிக்கொண்டிருக்கும் நேரமே அன்றி, கீழே நிற்கும் வரிசை அன்று. சிறிய மலைகள் பழைய வகையையே வைத்துக்கொண்டிருப்பதில் பொருளாதாரம் மட்டுமன்றி இந்தக் கணக்கும் இருக்கிறது.

இனி ஏறும் பழக்கங்களுக்கு வருவோம். கைக்கோல்களின் வார்களை மணிக்கட்டிலிருந்து கழற்றி, இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றக் கை இருக்கையைப் பற்றுவதற்கு. முதுகுப்பையை முன்பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அதன் வார் இருக்கையின் சட்டத்தில் சிக்கினால், உச்சியில் ஆள் இறங்க முயலும்போது இருக்கை அவரை இழுத்துக்கொண்டே போகும். முந்தைய இருக்கை கடந்ததும் குறித்த கோடு வரை நகர்ந்து, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, வரும் இருக்கையைக் கையால் தொட்டு அமர வேண்டும். சரியாக அமர முடியாமல் பாதி தொங்கும் நிலை ஏற்பட்டால், பிடித்துத் தொங்கியபடி மேலே போவதுதான் மிகப் பெரிய தவறு. ஏறுமிடத்தில் தளம் அரை மீட்டர் கீழே. பத்து நொடி கழித்து, நொடிக்கு 2.3 மீட்டர் வேகத்தில், அவர் 23 மீட்டர் தள்ளிப் போயிருப்பார், அங்கே தளம் எவ்வளவு கீழே என்பதை மலைதான் சொல்ல வேண்டும். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது அவருடைய வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். ஆகவே உடனே விட்டுவிட்டு, விழுந்த இடத்தில் தலையைத் தாழ்த்திக் கிடப்பதே சரி. லிஃப்ட்டை நிறுத்துவது பணியாளரின் வேலை.

அமர்ந்த பிறகு தடுப்புக் கம்பியை இறக்க வேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள். அது ஏன் என்பதைச் சிலரே அறிவார்கள். எவரும் தாமாக வழுக்கி விழுவதைத் தடுப்பது மட்டும் அதன் பயன் அன்று. கோபுரங்களுக்கு இடையே தொங்கும் வடம் ஒரு நீண்ட சுருள்வில் போன்றது. இயக்கம் திடீரென்று நிறுத்தப்படும்போது, முன்னோக்கிச் சென்ற இருக்கை ஊசல்போல் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதோடு வடமும் மேலும் கீழுமாகக் குதிக்கிறது. இரு கோபுரங்களின் நடுவே, தரை மிகவும் தாழ்ந்திருக்கும் இடத்தில்தான், இந்தக் குதிப்பும் பெரியதாக இருக்கும். நிறுத்தம் எப்போது வரும் என்று அமர்ந்திருப்பவருக்குத் தெரியாது. எங்கோ கீழே ஒருவர் ஏறும்போது தடுமாறினால் போதும். வேண்டுமென்றே இருக்கையை ஆட்டி விளையாடுவது இதே காரணத்தால் தடுக்கப்படுகிறது, கோபுரத்தில் இடிப்பதோடு, ஆடும் இருக்கை உருளிகளின் மேல் வடத்தையும் பக்கவாட்டில் இழுக்கக்கூடும். வடம் உருளியைவிட்டு விலகினால், கோபுரத்தில் மின்சுற்றோடு இணைந்த எளிதில் முறியும் கம்பி ஒன்று உடைந்து, லிஃப்ட்டைத் தானாக நிறுத்திவிடும். காற்று பலமாக வீசும் நாளில், மலை முழுவதும் வெயில் பளபளத்தாலும், லிஃப்ட் மெதுவாக்கப்படுவதும் மூடப்படுவதும் இதனால்தான். ஆளில்லா வெற்று இருக்கைகள் எடை குறைந்தவை என்பதால் காற்றில் அதிகம் அலைகின்றன.

பொறியாளர்கள் மிகவும் அஞ்சுவது பின்னோட்டத்தை. 600 மீட்டர் நீளமும் 120 மீட்டர் ஏற்றமும் கொண்ட ஒரு சிறிய லிஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். ஏறும் பக்கத்தில் சுமார் 43 இருக்கைகள், இருக்கைக்கு நால்வர், ஆளுக்கு உடைமைகளோடு 80 கிலோ என்றால், மொத்தம் ஏறத்தாழ 14 டன். இறங்கும் பக்கத்தில் யாரும் இல்லை. சரிவின் அளவைக் கணக்கில் கொண்டால், 2.7 டன் எடைக்கு நிகரான விசை வடத்தைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. மோட்டார் அதை எதிர்த்துத்தான் உழைக்கிறது. மோட்டார் நின்று, நிறுத்திகளும் செயல்படவில்லை என்றால், லிஃப்ட் நொடிக்கு நொடி வேகம் கூடியபடி பின்னால் ஓடும். ஜார்ஜியா நாட்டின் குடவுரியில் 2018 மார்ச் மாதம் அதுவே நிகழ்ந்தது. ஆட்கள் இருக்கையிலிருந்து குதித்தார்கள், அடிவார நிலையத்தில் இருக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நசுங்கின. இத்தகைய நிகழ்வு அரிது. அதை அரிதாக வைத்திருப்பது, வழக்கமான நிறுத்தி, பெருஞ்சக்கரத்தையே நேரடியாகக் கவ்வும் அவசர நிறுத்தி, பின்னோக்கிச் சுழலவிடாத பூட்டு என ஒன்று தவறினால் அடுத்தது பிடிக்கும் அடுக்கு ஏற்பாடும், காந்தப்புலத்தால் வடத்தின் உள்ளே அறுந்த கம்பிகளைத் தேடும் சோதனையும், நிலைக்கவ்விகளை அவ்வப்போது வடத்தில் இடம் மாற்றிப் பூட்டும் வேலையும்தான்.

உச்சியில் இறங்கும்போது கதை மீண்டும் வெண்பனிக்குத் திரும்புகிறது. அறிவிப்புப் பலகை சொல்லும் இடத்தில் கம்பியைத் தூக்கி, பலகைகளின் முனைகளைச் சற்று உயர்த்தி, தளம் காலில் பட்டதும் எழுந்து நேராகச் சறுக்கி விலக வேண்டும். தளம் பனிக்கட்டியாக இறுகியிருந்தால் வளையவும் நிற்கவும் முடியாது. ஈரமான வெண்பனியாக இருந்தால் பலகை ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் இருக்கைக்கு வழிவிட முடியாது. இறங்கத் தவறியவர் குதிக்கக் கூடாது. சற்றுத் தள்ளி, கால் பட்டதும் லிஃப்ட்டை நிறுத்தும் தடுப்பு ஒன்று அவருக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது.

தமிழில் நாம் பனி என்ற ஒரே சொல்லால் புல்நுனித் துளியையும் இமயத்துச் சிகரத்தையும் குறித்துவிடுகிறோம். சறுக்குபவருக்கு அந்த வசதி கிடையாது. புதிதாக விழுந்த வெண்பனியின் கன மீட்டர் ஒன்று பெரும்பாலும் 50 முதல் 100 கிலோ எடைதான் இருக்கும், மீதியெல்லாம் காற்று. இயந்திரத்தால் தூவிய பனியோ கூரிய கிளைகள் இல்லாத சிறு உருண்டைகளாக விழுவதால் 400 முதல் 500 கிலோ வரை அடர்கிறது. எளிதில் கரையாது, ஆனால் சீக்கிரம் இறுகிக் கெட்டியாகிவிடும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1950இல் வெய்ன் பியர்ஸ், ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சி ஆகிய மூவர் உருவாக்கிய இந்த முறையில், அழுத்தக் காற்றோடு பீய்ச்சப்படும் நீர்த்துளிகள் தரையைத் தொடும் முன் உறைய வேண்டும். துளி ஆவியாதலாலும் குளிர்வதால், இங்கே கணக்கில் வருவது வெப்பமானி காட்டும் எண் அன்று, காற்றின் ஈரத்தையும் சேர்த்துச் சொல்லும் ஈரக்குமிழ் வெப்பநிலை. அது ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரப்பதம் 30 சதவீதமாக உள்ள வறண்ட காற்றில் 2 டிகிரியிலும் பனி செய்துவிடலாம். ஈரம் நிறைந்த மூட்டத்தில் மைனஸ் 1 டிகிரியிலும் வெறும் தூறலே கிடைக்கும்.

பலகை ஏன் வழுக்குகிறது என்பதற்கு, ஆளின் எடை அழுத்தத்தால் பனி உருகுகிறது என்ற விளக்கம் இன்னும் பள்ளிகளில் சொல்லப்படுகிறது. உருகுநிலையை 1 டிகிரி தாழ்த்தச் சுமார் 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும்; அகலமான பலகையில் பரவிய மனித எடை அதன் அருகில்கூட வராது. 1939இல் பௌடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, உராய்வின் வெப்பமே மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது என்று காட்டியது. வெப்பத்தை விரைந்து கடத்திவிடும் உலோகம் பனியில் கூடுதலாக உராய்ந்தது அவர்களுடைய சான்றுகளில் ஒன்று. கடுங்குளிரில் இந்தப் படலம் போதிய அளவு உருவாகாததால் வெண்பனி மணலைப் போல் பலகையைப் பிடித்து இழுக்கிறது. உருகும் நாளில் நீர் மிகுந்து, பலகையின் அடியில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், உருகுநிலைக்குச் சில டிகிரி கீழேதான் ஓட்டம் இனிது.

ஆகவே அடிவார அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும் பனியின் ஆழத்தைவிட, நேற்றுப் பகலில் உருகியதா, இரவில் உறைந்ததா, இந்தச் சரிவின்மேல் வெயில் எப்போது விழும் என்பவையே பயனுள்ள செய்திகள். வசந்தத்தில் காலை 8 மணிக்குக் கண்ணாடியாக இருக்கும் சரிவு, வெயில் பட்டு மேலே இரண்டொரு சென்டிமீட்டர் இளகியதும் அருமையான தளமாகி, பிற்பகலில் சேறுபோல் ஆகிவிடுகிறது. நிழற்சரிவு அதே நேரத்தில் இறுகியே கிடக்கும்.

கடைசி இருக்கை இறங்கி லிஃப்ட் நின்றபின், சங்கிலிச் சக்கர ஊர்திகள் சரிவில் ஏறுகின்றன. அவற்றின் பின்னால் சுழலும் பற்கள் இறுகிய மேற்பரப்பை உடைத்து, கீழே இறங்கிவிட்ட பனியை மேலே தள்ளி, தேய்ந்துபோன ஏறுமிடத்தையும் இறங்குமிடத்தையும் நிரப்பிச் செல்கின்றன. உடைந்த துகள்கள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகளில் பனியின் மூலக்கூறுகள் மெல்ல இடம்பெயர்ந்து, கழுத்துப் போன்ற சிறு பாலங்களை உருவாக்குகின்றன. அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். முன்னிரவில் சமன்செய்த தளம் விடியும்போது உறுதியாக நிற்கிறது. திறப்பதற்குச் சற்று முன் அவசரமாகச் சமன்செய்தது முதல் நூறு பேருக்குள் குலைந்து, பத்து மணிக்கெல்லாம் பணியாளரின் கையில் மண்வாரியைக் கொடுத்துவிடுகிறது.