குழியும் கிணறும் ஒரே கோப்பில்

உள்ளூராட்சி மன்றம் ஒன்றில் நான் அனுமதிப்பத்திர வேலை பார்த்த காலம். ஒரு சாப்பாட்டுக்கடை முதலாளி எங்கள் கந்தோருக்கு ஆறு தரம் வந்தார். முதலில் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், போய்ப் பார்த்து, சமையலறைக்கு நிலம் போடச் சொன்னார். போட்டார். பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தர் போனார். கழிவுநீர்க் குழி கிணற்றுக்குக் கிட்ட இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். புதுக் குழாய்க்காகப் போட்ட நிலத்தையே உடைக்க வேண்டி வந்தது. "இதை முதலே சொல்லியிருக்கலாமே ஐயா?" என்று என்னிடம் கேட்டார். சொல்ல வேண்டிய இரண்டு பேரும் அடுத்தடுத்த அறையில்தான் இருந்தார்கள்.

அப்புறம்தான் இருவரையும் ஒரே நாளில் சேர்ந்து அனுப்பத் தொடங்கினோம். குறைகள் எல்லாம் ஒரே தாளில், தமிழில், இருவரின் கையெழுத்தோடு. ஒரு கோப்புக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே எழுதுநர் பொறுப்பு; அவர் லீவு என்றால் பக்கத்து மேசைக்காரர் பதில் சொல்ல வேண்டும். இதை எதிர்த்தது கடைக்காரர்கள் இல்லை, நாங்கள்தான். என் அறிக்கையில் இன்னொருவர் கையெழுத்தா என்ற ரோசம்!

வாடிக்கையாளர் சேவை என்றால் கேட்டவருக்குக் கேட்டவுடன் அனுமதி கொடுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியென்றால் பக்கத்து வளவில் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் அம்மா எங்கள் வாடிக்கையாளர் இல்லையா? யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீரை. வெடிப்பும் பொந்துமான கல் அது. குழிக்குள் விட்டது கிணற்றுக்கு வர நெடுநாள் எடுக்காது. அந்த அம்மா எங்கள் வாங்கில் வந்து இருந்ததே இல்லை. அவவுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கந்தோர்.

கண்காணிக்கிறவரும் கண்காணிக்கப்படுகிறவரும் சேர்ந்து வேலை செய்வதற்கு வெளியிலும் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 1993இல், தொழிலாளர் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஓஷா நிறுவனம், அதிகம் பேர் காயப்பட்ட 200 தொழில் நிறுவனங்களைக் கூப்பிட்டது. எங்களோடு சேர்ந்து ஆபத்துகளைத் தேடித் திருத்துங்கள், இல்லையென்றால் கடும் பரிசோதனை என்றது. பின்னர் அதே வழியை நாடு முழுக்கக் கொண்டுபோனபோது, சம்பந்தப்பட்டவர்களிடம் முறைப்படி கருத்துக் கேட்காமல் செய்ததென்று 1999இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஒத்துழைப்புக்கும் நடைமுறை வேண்டும்தானே.

இலங்கையில் எங்களிடமும் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவர் கேட்டால், அதிகாரி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆகவே வாயால் சொன்னதை நம்பி நிலத்தை உடைக்காதீர்கள். எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கிணற்றடிக்காரரும் கேட்கலாம்.